நான்காம் பொன்னாடை

கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய நாடு ஒன்று இருந்தது. தான் சிறியது என்பது அந்த நாட்டுக்குத் தெரியாது. அதைச் சுற்றி எண்ணெய் பூசிய மதில் இருந்தது. மதிலில் வாசல்கள், வாசல்களில் காவல், உள்ளே உலைகள், சமையற்கட்டுகள், தெருக்கள். ஒரு நாடு தன்னைப் பெரிதென்று நினைத்துக்கொள்ள இவ்வளவு போதும். அதன் பெயர் இழைநாடு.

இழைநாட்டுக்கு அரசன் இல்லை. உட்கோட்டையின் நடுவே ஒரு வடம் இருந்தது, அதுதான் அரசு. இரண்டு மணிச் சரங்களை ஒன்றோடொன்று முறுக்கிய வடம். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை என்று நான்கே நிறங்கள். ஒரு சரத்தில் வெள்ளை இருந்தால் எதிர்ச் சரத்தில் கறுப்பு. சிவப்புக்கு எதிரே பச்சை. மதிலை எப்படிப் பூசுவது, உலையை எப்போது மூட்டுவது, கழிவை எந்தப் பக்கம் கொட்டுவது எல்லாம் அந்த மணிகளின் வரிசையில் இருந்தது. எது வேண்டுமென்றாலும் உட்கோட்டைக்குப் போய், வடத்தில் உரிய இடத்தைத் தடவிப் பார்த்து, அதேபோல் சிறிய சரம் ஒன்று கோத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு வருவார்கள். சமையற்கட்டில் அதைப் படித்து, அதில் உள்ளபடி செய்து கொடுப்பார்கள். பொருள் மட்டுமல்ல, அந்த நாட்டில் ஆட்களையும் சமையற்கட்டில்தான் செய்தார்கள். யார் கொண்டுவந்த சரம் என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. கேட்கவேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை.

வடம் அறுந்துகொண்டே இருக்கும். வெயில் பட்டால் அறும். புகை பட்டால் அறும். ஒன்றும் படாவிட்டாலும் தேய்ந்து அறும். அப்படியும் நாடு நடந்தது என்றால், அதற்குக் காரணம் முடிச்சாளர்களின் தலைவர் பொன்னுலிங்கம்.

அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். அறுந்த நுனியை முதலில் சீவிச் சுத்தம் செய்வார். எதிர்ச் சரத்தைக் கட்டைவிரலால் தடவுவார். கறுப்பு தட்டுப்பட்டால் வெள்ளையைக் கோப்பார், பச்சை தட்டுப்பட்டால் சிவப்பை. கோத்ததை இன்னொருமுறை தடவுவார். பிசகியிருந்தால் உருவிப் போட்டுவிட்டு மறுபடி கோப்பார். கடைசியாக ஒரு முடிச்சு. எந்த இடத்தில் கட்டினார் என்று மறுநாள் அவராலேயே கண்டுபிடிக்க முடியாது. இரண்டு சரமும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல், பார்த்துக் கோக்க எதிர்ச் சரம் இருக்காது. அப்போதும் அவர் கைவிரிக்கமாட்டார். உட்கோட்டையின் இன்னொரு மூலையில் அதே வரிசை கொண்ட இணை வடம் ஒன்று இருந்தது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து கட்டுவார். நாட்டில் யாரும் அவரைப் பாராட்டியதில்லை. வடம் அறுந்ததே யாருக்கும் தெரியாதபோது எதைப் பாராட்டுவது?

தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். முரசுக் கோபுரத்து அஞ்சுகம்.

கோபுரத்தில் இரண்டு முரசுகள் இருந்தன. வடம் பெரிதாக அறுந்தால் அஞ்சுகம் முதல் முரசை அடிப்பாள். அந்தச் சத்தம் கேட்டதும், நகல் மண்டபத்தில் வேலை நடந்துகொண்டிருந்தால், எல்லாரும் கையை எடுத்துவிடுவார்கள். பொன்னுலிங்கம் கட்டி முடித்து “ஆச்சு” என்று சொல்லும்வரை முரசு நிற்காது.

“என்னண்ணே, இன்னும் ஆகலையா? தோள்பட்டை இறங்கிரும்போல இருக்கு” என்று அவள் மேலிருந்து கேட்பாள்.

“உனக்கென்ன தாயி, நின்னுகிட்டு அடிக்கிறே. நான்ல இங்க தலைகீழாத் தொங்குறேன்.”

“தொங்குறது உங்களுக்குப் பழகிப்போச்சுல்ல.”

“பழகிப்போச்சுன்னு தலையில ரத்தம் இறங்காம இருக்குமா? இரு, இரு. இந்தச் செவப்பு சரியா உட்காரமாட்டேங்குது. ம். ஆச்சு.”

நகல் மண்டபம் என்பது அந்த நாட்டின் பெரிய காரியம் நடக்கும் இடம். நாடு நன்றாக வளர்ந்தபின் ஒருநாள் இரண்டாகப் பிரியும். அதற்குமுன் வடத்தின் முறுக்கைப் பிரித்து, ஒவ்வொரு சரத்துக்கும் புதிதாக ஒரு எதிர்ச் சரம் கோத்து, ஒரு வடத்தை இரண்டாக்குவார்கள். ஆளுக்கொரு வடத்தோடு இரண்டு நாடுகள். அறுந்த வடத்தை நகல் எடுத்தால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கிழக்கே ஒரு நாடு அப்படித்தான் செய்தது. எப்போது நிறுத்துவது என்று சொல்லும் மணிகள் அந்த நகலில் விட்டுப்போயின. அந்த நாட்டுக்கு நிற்கத் தெரியாமல் போனது. பிரிந்து, மறுபடி பிரிந்து, பக்கத்து நாடுகளின் தண்ணீரைக் குடித்து, மதில்களை நெரித்து வளர்ந்துகொண்டே இருந்தது. பிறகு கிழக்கிலிருந்து யாரும் வரவில்லை.

இரண்டாவது முரசு அதற்காகத்தான் இருந்தது. வடத்தை இனிக் கட்டவே முடியாது என்றால் அதை அடிக்கவேண்டும். அடித்தால் நாடு தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும். உயிரோடிருந்த யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அஞ்சுகம் தினமும் அதன்மேல் படிந்த தூசியைத் துடைப்பாள். துடைக்கும்போதுகூட அதில் விரல் படாமல் பார்த்துக்கொள்வாள்.

இழைநாட்டின் இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். உழைத்துத் தேய்ந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்திக்கொள்பவர் இரு கைகளையும் கூப்பிக் கழுத்தைத் தாழ்த்தவேண்டும். கூப்பாதவர் தோளில் பொன்னாடை வைப்பது அங்கே நினைத்தும் பார்க்கமுடியாத காரியம். நான்காவது பொன்னாடை விழுந்தால் அவர் தானாகவே ஓய்வுக் கூடத்துக்கு நடப்பார். அங்கே அவரை இழை இழையாகப் பிரித்துப் புது ஆட்களை நெய்ய எடுத்துக்கொள்வார்கள். யாரும் அழுவதில்லை. எல்லாரும் ஏதோ ஒரு முதியவரின் இழையால் ஆனவர்கள்தானே. எடுத்து நீட்டிய பொன்னாடையை வேண்டாமென்று சொன்னவர் அந்த நாட்டில் பிறந்ததில்லை.

இப்படி இருக்கும்போது விருந்தாளிகள் வந்தார்கள்.

மேற்கு வாசலில் வந்து கைநீட்டினார்கள். அந்தக் கையில் இருந்த முத்திரை வாசலுக்குத் தெரிந்த உறவுக்காரர்களின் முத்திரையைப் போலவே இருந்தது. வாசல் திறந்தது. அவர்களிடம் படை இல்லை, பண்டம் இல்லை. ஒரே ஒரு பெட்டி. திவான் அம்பலவாணர், நாட்டின் அலுவல்களையெல்லாம் மேற்பார்த்தவர், பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே ஒரு சிறிய மணிச் சரம்.

“இவ்வளவுதானா?” என்றார் திவான். “எங்கள் வடத்தை நீட்டிவைத்தால் நாட்டைப் பலமுறை சுற்றும். இதைக் கழுத்தில் போட்டால் கொக்கி மாட்டக்கூட நீளம் பத்தாது.”

விருந்தாளிகளின் தலைவர் சீராளர் சிரித்தார். “எங்களுக்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாது ஐயா. சமையற்கட்டு கிடையாது, உலை கிடையாது, மதில்கூடக் கிடையாது. இனி எல்லாம் தங்களுடையதுதான்.”

அது முழு உண்மை. அந்தச் சரத்தைப் பார்த்தால் யாரும் வியந்துதான் போவார்கள். தேவையில்லாத மணி ஒன்று இல்லை. ஒரு நாட்டையே நடத்தும் வழியை இத்தனை சிக்கனமாகக் கோத்தவர்களைத் திறமையற்றவர்கள் என்று சொல்லமுடியாது.

பணிவில் மயங்கிய திவான், தங்க இடம் கேட்டவர்களுக்குச் சமையற்கட்டை ஒட்டிய விடுதியைக் கொடுத்தார். அவர்கள் சரத்தை அடுப்படியில் வைத்தார்கள். சமையற்காரர்கள் யாருடையது என்று கேட்கவில்லை, படித்தார்கள், செய்தார்கள். அதிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அழகான, சுறுசுறுப்பான, ஒரே முகமுடைய ஆட்கள். அவர்கள் போதுமான அளவு வந்தபிறகு, சீராளர் நாட்டில் தேர்தல் நடத்தவேண்டும் என்றார். அதுவரை அங்கே தேர்தல் என்று ஒன்று நடந்ததில்லை. நடந்தது. எந்த முறைகேடும் இல்லை. ஒருவர்கூடக் கள்ள வாக்குப் போடவில்லை. விருந்தாளிகள் பெரும்பான்மை பெற்றார்கள்.

“மக்கள் தீர்ப்பு” என்றார் திவான், உணர்ச்சி மேலிட. “நான் அதற்குத் தலைவணங்குகிறேன்.” அவர் பதவி அப்படியே இருந்தது.

புதிய அமைச்சர்கள் வடத்தைத் தொடவேயில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும். உட்கோட்டைக்குள் அவர்கள் போனபோதெல்லாம் வடத்தின்முன் நின்று வணங்கினார்கள். அவர்கள் செய்ததெல்லாம் சில ஆணைகள்தான்.

முதல் ஆணை மணிகளைப் பற்றியது. நாட்டில் விளையும் மணிகள் முதலில் புதிய அமைச்சர்களின் சரங்களுக்கு; மிஞ்சியது வடத்துக்கு. அமைச்சர்கள் தங்கள் சரத்தைப்போல் ஆயிரமாயிரம் சரம் கோத்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை.

பொன்னுலிங்கம் திவானைப் பார்க்கப் போனார். துணைக்கு அஞ்சுகமும் போனாள்.

“பச்சை மணி இல்லீங்கய்யா. செவப்புக்கு எதுத்தாப்புல எதை வைக்கிறது?” என்றார் பொன்னுலிங்கம்.

திவான் சாய்ந்து உட்கார்ந்தார். “பொன்னுலிங்கம், ஒன்றை நாம் மறந்துவிடக்கூடாது. சிவப்புக்குப் பச்சைதான் என்பது பழங்காலத்து ஏற்பாடு. அன்று நிறங்கள் குறைவு. இன்று உலகம் எங்கோ போய்விட்டது. கையில் எது இருக்கிறதோ அதை வையுங்கள்.”

“கையில ஒண்ணும் இல்லீங்களே.”

“அப்படியானால் இடம் விட்டுக் கட்டுங்கள். வெற்றிடத்துக்கும் ஒரு அழகு உண்டு என்று சீராளர் நேற்றுத்தான் சொன்னார்.”

வெளியே வந்ததும் அஞ்சுகம் கேட்டாள். “இடம் விட்டுக் கட்டுவீங்களாண்ணே?”

“உன் வேட்டியில பாதி கிழிஞ்சிருக்கு, மீதியை நல்லாக் கட்டிக்கன்னு சொல்றாரு.” பொன்னுலிங்கம் நடந்துகொண்டே சொன்னார். “பழைய முடிச்சுல ஒட்டிக்கிட்டுக் கெடக்குற மணிகளைச் சுரண்டிப் பாக்குறேன். கொஞ்ச நாள் ஓட்டலாம்.”

ஓட்டினார். பழைய குப்பையிலிருந்து மணி பொறுக்கினார். ஒற்றை மணிக்காகக் கோட்டை முழுவதும் தவழ்ந்தார். அறுந்தவற்றில் பெரும்பகுதியை அப்போதும் கட்டினார். எப்படிக் கட்டினார் என்று இன்று யோசித்தாலும் புரியவில்லை. ஆனால் கட்டாமல் விட்ட இடங்களும் சேரத் தொடங்கின.

இரண்டாவது காரியம் நகல் மண்டபத்தில் நடந்தது. மண்டபம் எப்போதும் பூட்டியிருக்கும். நாடு பிரியத் தயாரானபோது மட்டும் திறக்க, பூட்டுக்காரர் ஒருவர் வாசலில் நிற்பார். அமைச்சர் ஒருவர் அவரிடம் போய், “உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன்” என்று கைகுலுக்கினார். குலுக்கிய கையை விடவேயில்லை. பூட்டுக்காரர் மரியாதைக்காரர், கையை உருவிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கையால்தான் அவர் கதவை அடைத்துப் பிடிப்பது வழக்கம். கதவு திறந்தது. ‘ஒரு நாடு இரு நாடாகும் பெருவிழா’ என்று அறிவித்தார்கள். தங்கள் சரங்களை இன்னும் வேகமாகப் பெருக்க அமைச்சர்களுக்குத் திறந்த நகல் மண்டபம் தேவைப்பட்டது. நாடு இரண்டாக ஆவதில் அவர்களுக்கு அக்கறை ஒன்றும் இல்லை.

மண்டபத்தில் முறுக்கைப் பிரிக்கத் தொடங்கினார்கள். கட்டாமல் விட்ட இடங்களில் இழுவிசை விழுந்தது. ஒற்றையாக அறுந்திருந்தவை இரட்டையாக அறுந்தன.

அஞ்சுகம் முதல் முரசை அடித்தாள்.

யாரும் கையை எடுக்கவில்லை. விழாவுக்காக அடிக்கிறார்கள் என்று அமைச்சர்கள் முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். நகல் எடுப்பவர்கள் தாளத்துக்கு ஏற்றபடி இன்னும் வேகமாகக் கோத்தார்கள். சிலர் மேலே பார்த்துக் கையசைத்தார்கள்.

பொன்னுலிங்கம் இரட்டையாக அறுந்த இடத்தை நோக்கி ஓடினார். அங்கே ஒரு வரவேற்புக் குழு உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒரே முகம்.

“வாருங்கள் ஐயா, உங்களைத்தான் எதிர்பார்த்தோம்.”

“தள்ளிக்கங்க தம்பி, அவசரம்.”

“ஒரு நிமிடம். இத்தனை ஆண்டு உழைப்புக்கு இந்த நாடு உங்களைக் கௌரவிக்கவே இல்லையாமே. எங்களுக்கு மிகவும் வருத்தம்.”

பொன்னாடையை எடுத்து விரித்தார்கள். பொன்னுலிங்கத்தின் கைகள் தாமாகக் கூடின. பிறந்ததிலிருந்து பார்த்துவந்த வழக்கம் அது. ஒன்று விழுந்தது. அவர் நிமிர்வதற்குள் இன்னொன்று. மூன்று. கோபுரத்திலிருந்து அஞ்சுகம் கத்தினாள். “அண்ணே, கும்பிடாதீங்க.” முரசுச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. அவளே அடித்துக்கொண்டிருந்த முரசு.

நான்காவது விழுந்தது. பொன்னுலிங்கம் தேய்ந்தவரல்ல. அவர் விரல்கள் அப்போதும் கூர்மையாக இருந்தன. ஆனால் வழக்கம் ஆளைப் பார்ப்பதில்லை, பொன்னாடையைத்தான் எண்ணும். கையிலிருந்த ஒரே ஒரு பச்சை மணியை வடத்தின் ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டு அவர் ஓய்வுக் கூடத்தை நோக்கி நடந்தார். திரும்பி ஒருமுறை கோபுரத்தைப் பார்த்தார். அஞ்சுகம் முரசை நிறுத்தினாள்.

அதற்கடுத்து அவளைத் தேடி வந்தார்கள். முதல் நாள் ‘தாளத்தின் தாய்’ என்று சொல்லி ஒன்று. மறுநாள் பெண்கள் சார்பில் ஒன்று. அதற்கு அடுத்த நாள் காரணம் சொல்லக்கூட மறந்துவிட்டு ஒன்று. மூன்று முறையும் அவள் கைகள் கூடின. ஒவ்வொரு முறையும் கூடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் நின்றாள். கைகள் கேட்கவில்லை.

மூன்று பொன்னாடைகளோடு அவள் உட்கோட்டைக்கு இறங்கினாள். பொன்னுலிங்கம் தடவிப் பார்ப்பதுபோலவே கட்டைவிரலால் வடத்தைத் தடவினாள். இருபக்கமும் நுனிகள் தொங்கின. எதிர்ச் சரத்தைத் தேடினாள், அதுவும் தொங்கியது. இணை வடத்துக்குப் போனாள். அதே இடத்தில் அதுவும் அறுந்திருந்தது. நிற்கச் சொல்லும் மணிகள் இருந்த இடம் அது. நகல் எடுப்பவர்கள் பாடிக்கொண்டே பக்கத்தில் வந்துவிட்டார்கள். இந்த இடத்தை அவர்கள் தாண்டினால், பிறக்கப்போவது இன்னொரு கிழக்கு நாடு.

ஓரத்தில் இருந்த பச்சை மணியை எடுத்துக்கொண்டாள். அதை எங்கே கோப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோக்கத் தெரிந்தவர் இல்லை.

கோபுரத்தில் அவள் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் நினைவுக்கு வந்தார். உலையில் ஊதுபவர்கள். யாரையும் கேள்வி கேட்காத சமையற்காரர்கள். கையை உருவத் தெரியாத பூட்டுக்காரர். தப்பாக அடித்துவிட்டால்? பொன்னுலிங்கம் இருந்தால் “இன்னும் கொஞ்சம் பொறு தாயி, பாத்துடுறேன்” என்று சொல்லியிருப்பாரோ? அவர் அப்படிச் சொல்லமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். கட்டமுடியாததைக் கட்டிவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆகாததற்கு “ஆச்சு” என்று சொல்லாதவர்.

மேலே போய்க் கோலைக் கையில் எடுத்தபோது படிகளில் மேளச்சத்தம் கேட்டது. சீராளரும் திவானும் வந்தார்கள். பின்னால் அமைச்சர்கள். திவானின் கையில் பொன்னாடை.

“இந்த நாள் இழைநாட்டு வரலாற்றில் பொறிக்கப்படவேண்டிய நாள்” என்று திவான் மூச்சுவாங்கத் தொடங்கினார். படிகள் அதிகம். “முரசு என்பது வெறும் தோல் அல்ல. அது ஒரு தத்துவம். அந்தத் தத்துவத்துக்கு ஓய்வு கொடுக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. அம்மா, கையைக் கூப்புங்கள்.”

“கூப்பலாங்கய்யா” என்றாள் அஞ்சுகம். “கையில கோல் இருக்கு.”

“கீழே வையுங்கள்.”

“வைக்கிறேன். வேலை ஒண்ணு பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வைக்கிறேன்.”

சீராளரின் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. “என்ன வேலை அம்மா? பிறகு பார்த்துக்கொள்ளலாமே.”

“சின்ன வேலைதாங்க. நீங்க நில்லுங்க, ஏறி வந்த களைப்பு இருக்கும்.”

அவர்கள் நின்றார்கள். நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. கூப்பாத கைகளுக்குமுன் பொன்னாடையால் ஒன்றும் செய்யமுடியாது. இப்படிப்பட்ட வழக்கங்களை வைத்துத்தான் அவர்கள் நாட்டைப் பிடித்தார்கள்; அவற்றை மீற அவர்களிடம் வேறு வழக்கம் இல்லை. பெட்டியில் அவ்வளவு சிக்கனமாகக் கோத்த சரத்தில், கையில் வேலை இருக்கும் பெண்ணை என்ன செய்வது என்பதற்கு ஒரு மணிகூட இல்லை. திவான் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி, தோள் கடுக்க, மரியாதையாகக் காத்திருந்தார்.

அஞ்சுகம் இரண்டாவது முரசை அடித்தாள்.

யாரும் கேட்டிராத சத்தம். ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நகல் மண்டபத்தில் பாட்டு பாதியில் நின்றது. உலைக்காரர்கள் உலையைத் திறந்துவைத்தார்கள். சமையற்காரர்கள், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, அடுப்பை அணைத்தார்கள்.

“இதற்கு ஆணை பிறப்பிக்கப்பட்டிருக்கிறதா?” என்று கேட்டார் திவான். அவருடைய கைகள் அதற்குள் பொன்னாடையை நான்காக மடிக்கத் தொடங்கியிருந்தன.

“பழைய ஆணைங்கய்யா. வடத்துலயே இருக்கு.”

“இது மக்கள் தீர்ப்புக்கு விரோதம்” என்றார் சீராளர். புன்னகை போய்விட்டிருந்தது. “இந்த நாட்டை நீங்கள் அழிக்கிறீர்கள்.”

“அழிக்கலீங்க. மடிச்சு வைக்கிறோம்.”

அது உண்மைதான். ஒரு நாடு இவ்வளவு அழகாகக் கலைந்ததாக அதற்குமுன் கதையிலும் யாரும் சொன்னதில்லை. கூச்சல் இல்லை, தீ இல்லை. இடிந்து விழுந்தால் பக்கத்து நாடுகளின் மேல் விழும் என்று, மதிலை உள்பக்கமாக மடித்தார்கள். வடத்தைச் சீராகத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கினார்கள். இனி யாரும் அதை நகல் எடுக்கமுடியாது. உலைகளையும் இழைகளையும் பாத்திரங்களையும், அடுத்தவருக்குப் பயன்படட்டும் என்று சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டினார்கள். விருந்தாளிகள் பாதி கோத்துவைத்திருந்த சரங்களையும் விடவில்லை. ஒவ்வொரு பொட்டலத்தின் வெளியிலும் அதில் ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள், பார்ப்பவர் தெரிந்துகொள்ளட்டும் என்று. அமைச்சர்கள் அங்கும் இங்கும் ஓடினார்கள். பூட்டுக்காரர் அப்போதுதான் கையை உருவிக்கொண்டு, “மன்னிக்கணும்” என்றார்.

கோபுரத்தைத் தவிர எல்லாம் மடிந்தபிறகு அஞ்சுகம் கோலைக் கீழே வைத்தாள். பச்சை மணியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு இரு கைகளையும் கூப்பினாள்.

“இப்பப் போர்த்துங்கய்யா.”

திவான் மடித்ததை விரித்தார். போர்த்தினார். “ரொம்ப எடையாப் போச்சும்மா” என்றார், சாதாரண ஆளைப்போல.

“நாலு சேந்தா அப்படித்தாங்க” என்றாள் அஞ்சுகம்.

கோபுரமும் மடிந்தபிறகு பக்கத்து நாட்டுக்குப் பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தன. அந்த நாட்டார் உள்ளே இருந்ததை நன்றியோடு எடுத்துக்கொண்டு, வெளியே தொங்கிய துண்டை வாசலில் மாட்டிவைத்தார்கள். ஒரு பொட்டலத்தில் பச்சை மணி ஒன்று தனியாக இருந்தது. அங்கே ஒரு முடிச்சாளர் அன்றைக்கு அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகளில் சிலர் மதில் மடிவதற்குள் வெளியேறிவிட்டார்கள். அவர்கள் நேரே அந்த வாசலுக்கு வந்தார்கள். ஒரே முகம், ஒரே பெட்டி, கையில் ஒரு பொன்னாடை. வாசற்காவல்காரி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு கையில் விளக்குமாறு இருந்தது, இன்னொரு கையில் எண்ணெய்ச் சட்டி.

“வாங்க” என்றாள். “தப்பா நெனச்சுக்காதீங்க, கை வேலையா இருக்கு.” மாட்டியிருந்த சரத்துண்டையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே, காலால் கதவைச் சாத்தினாள்.

இதெல்லாம் நடந்தது ஒரு பெண்ணின் தொண்டைக்குள். இந்த நாடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அவள். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. இரண்டு நாளாகத் தொண்டை கரகரக்கிறது, இன்று பரவாயில்லை என்று மட்டும் தெரியும். வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் தெருமுனையில் நின்று ஒருமுறை செருமிக்கொண்டாள். அங்கே ஒரு வேட்பாளர், வருகிறவர்களையெல்லாம் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் கூப்பினார், முகமெல்லாம் சிரிப்பாக. பதிலுக்குக் கும்பிட அவளால் முடியவில்லை. ஒரு கையில் வெந்நீர் பாட்டில் இருந்தது. இன்னொரு கையில் வாக்காளர் அட்டை.